துண்டுச் சீட்டை ஒழித்த அருணாசலம்

1924ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று மதுரையில் ஒரு பெரியவர் காலமானார். தென்னாட்டுத் திருத்தலங்களை வழிபடக் கடல் கடந்து வந்த இடத்தில் அவருக்கு முடிவு நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 70. இலங்கைக் குடிமைப் பணிக்குத் திறந்த போட்டித் தேர்வின் வழியாக நுழைந்த முதல் இலங்கையர் அவர். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். அந்நாட்டில் பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் நடத்தியவர். சர் பொன்னம்பலம் அருணாசலம் என்ற அந்தப் பெயரை இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். அவர் உயிர்நீத்த பாண்டி நாட்டில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு மக்களுக்கு அவர்மீது ஒரு கடன் உண்டு. இந்த மண்ணிலிருந்தும் கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போனவர்களைக் கட்டிப்போட்டிருந்த ஒரு காகிதத்தையும், அந்தக் காகிதத்துக்குக் காவல் நின்ற ஒரு சட்டத்தையும் ஒழிக்க அவர் தம் முதுமையைச் செலவிட்டார். இன்று வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் நம் பெண்களின் நிலையை எண்ணும்போதெல்லாம், பொருளியல் ஆசிரியனாக இருந்த எனக்கு அவருடைய வாழ்க்கைதான் நினைவுக்கு வருகிறது. அந்த வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

அருணாசலம் 1853 செப்டம்பர் 14 அன்று கொழும்பில் பிறந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயை வேராகக் கொண்ட செல்வக் குடும்பம். தந்தை பொன்னம்பல முதலியார் கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பியவர். தாய்மாமன் சர் முத்து குமாரசுவாமி. அவருடைய மகன்தான் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. அண்ணன் பொன்னம்பலம் இராமநாதன் பிற்காலத்தில் இலங்கை அரசியலில் பெரும்பெயர் பெற்றார். கொழும்பு அகாடெமியில் படித்த அருணாசலம், 1870இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிரைஸ்ட் கல்லூரியில் பயின்றார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1875இல் குடிமைப் பணித் தேர்வில் வென்று தாயகம் திரும்பினார்.

அந்த 1875ஆம் ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு இடையில் நின்ற தொழிலாளியைக் குற்றவாளியாகக் கருதிச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது. அந்த ஆண்டில்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. எசமானனும் வேலையாளும் ஓர் ஒப்பந்தத்தின் இரு தரப்பினர். ஒருவர் மீறினால் மற்றவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். சிறைக்கு அதில் இடமில்லை என்பது அங்கே சட்டமாயிற்று. இங்கிலாந்தில் சட்டம் படித்த இளைஞர் கொழும்பில் வந்திறங்கியபோது, அதே அரசின் ஆட்சியில் இருந்த இலங்கையில் பழைய தண்டனைச் சட்டமே நடப்பில் இருந்தது. மேலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது அங்கே நீடித்தது. இந்தியாவிலும் 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. ஆளும் நாட்டில் மனிதனுக்குப் பொருந்தாத தண்டனை, ஆளப்பட்ட நாடுகளில் பொருந்தும் என்று கருதப்பட்டது.

இலங்கையின் அந்தச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் அவசரச் சட்டம். தோட்டக் கூலிகளோடு வீட்டு வேலைக்காரர்களும் கைவினைக் கூலிகளும் அதன் வரம்பிற்குள் வந்தனர். வேலை செய்ய மறுத்தாலும், முன்னறிவிப்பின்றி விலகினாலும், எசமானனிடம் பணிவின்றி நடந்தாலும் அது குற்றம். கூலியை இழப்பதோடு சிறையும் நேரும். 1871இல் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்வதற்கென்றே இன்னொரு சட்டம் வந்தது. அதன் நோக்கம் வேலையாளைக் காப்பதாக இருக்கவில்லை. வேலையாள் யார், எங்கிருந்து வந்தார், நடத்தை எப்படி என்று எசமானர்கள் அறிந்துகொள்வதே அதன் நோக்கம். தோட்டத்தில் கொழுந்து பறித்தவளும் கொழும்பு மாளிகையில் சட்டி கழுவியவளும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகை உயிர்களாக இருந்தனர்.

தோட்டத்துக்குப் போனவர்கள் யார்? வடக்கே புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, சேலம் முதல் தெற்கே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி வரை, மழையை நம்பிய சீமைகளின் மக்கள். நம் கரிசல் பூமி மழை பெய்தால் பொன் விளையும் மண். மழை பொய்த்தால் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் மண். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் வானத்தைப் பார்த்தே வளர்பவை. ஐப்பசியில் மழை தவறினால் தையில் கடன். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இரயில் பாதை போடப்பட்டதும் அதே காலத்தில்தான். பஞ்சம் மக்களை ஊரிலிருந்து வெளியே தள்ளியது; இரயிலும் கப்பலும் பயணத்தை எளிதாக்கின. கங்காணி வந்து முன்பணம் கொடுத்தான். தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையில் இலங்கைக்குப் போகும் கூலிகளுக்கு முகாம் இருந்தது. தனுஷ்கோடி வரை இரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் 1914இல் இணைந்தபின் மண்டபம் முகாம் அதன் இடத்தைப் பிடித்தது.

முன்பணம் கொடுத்தவன் கங்காணி. கங்காணிக்குக் கொடுத்தவர் தோட்டத்துரை. இரயில் கட்டணம், கப்பல் கட்டணம், வழிச்சோறு, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டன. தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவன் கடனாளி, அவளும் கடனாளி. அந்தத் தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறோம் என்று பழைய துரை எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். கடன் அவர் கணக்குக்கு மாறும். துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. சேராமல் ஓடிப்போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் அவனைப் பிடிக்கும்.

இதைப் பொருளியலின் சொற்களில் விளக்குவது கடினமன்று. தொழிலாளிக்குச் சந்தையில் இருக்கும் ஒரே பேர வலிமை, வேறு இடம் தேடிப் போகும் உரிமைதான். அவன் போய்விடுவான் என்ற அச்சம் இருந்தால்தான் முதலாளி கூலியைக் கூட்டுவார், லயத்துக் கூரையைச் சீர்செய்வார், கணக்கப்பிள்ளையின் கையை அடக்குவார். அந்த உரிமையை எடுத்துவிட்டால் எத்தனை தோட்டங்கள் இருந்தாலும் தொழிலாளிக்கு முதலாளி ஒருவரே. இலங்கையில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிட்டன. அந்தப் போட்டி கூலியை உயர்த்தியிருக்க வேண்டும். மாறாக, அந்தப் பணம் கங்காணிகளுக்கு முன்பணமாகப் போய்த் தொழிலாளியின் கடனாகத் திரும்பியது. ஆளுக்குத் தேவை பெருகப் பெருக அவனுடைய கடனும் பெருகிற்று. கூலி அசையவில்லை. கடன், விடுவிப்புச் சீட்டு, சிறை என்ற மூன்று பூட்டுகளும் சேர்ந்து செய்த வேலை இது. ஒன்றைத் திறந்தாலும் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஆட்சிமுறையின் உள்ளே இருந்தபடியே அருணாசலம் தம் பணிக்காலத்தைக் கழித்தார். பல ஊர்களில் மாஜிஸ்திரேட்டாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். கேம்பிரிட்ஜ் நண்பரான ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர் 1890இல் இலங்கை வந்தபோது, குருநாகலில் நீதிபதியாக இருந்த அருணாசலத்தின் விருந்தினராகத் தங்கினார். அருணாசலம் மதித்த ஆசிரியரிடம் சைவ மெய்யியலும் கேட்டார். அருணாசலம் பதிவாளர் நாயகமாக நியமிக்கப்பட்டு, குழம்பிக் கிடந்த நிலப் பத்திரப் பதிவுகளையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி, 35 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் வாழ்க்கையை அறிக்கையாக்கினார். அந்த அறிக்கை இலங்கைச் சமூகத்தைப் பற்றிய சிறந்த ஆவணங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. பின்னர் சட்டசபையிலும் நிர்வாக சபையிலும் இடம்பெற்றார். 1913இல் ஓய்வு பெற்றார்.

எண்ணுவதற்கும் பதிவு செய்வதற்கும் பழகிய அதிகாரிகள் பலர், எண்களோடு நின்றுவிடுவதுண்டு. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் 5,28,024 பேர் என்றும் இந்தியத் தமிழர் 5,30,983 பேர் என்றும் முதன்முறையாகத் தனித்தனியே காட்டப்பட்டது. வந்தேறிகள் என்று கருதப்பட்டவர்கள், நாட்டின் பழைய தமிழ்க்குடிகளைவிட எண்ணிக்கையில் சற்றே மிகுந்திருந்தனர். அவர்களுக்குச் சட்டசபையில் குரல் இல்லை, சங்கம் இல்லை, தோட்டத்து எல்லைக்குள் வெளியார் நுழையவும் வழியில்லை. அருணாசலம் பிறந்த மேட்டுக்குடி யாழ்ப்பாணத் தமிழர் பலர் இந்தக் கூலித் தமிழரைத் தம்மவராகக் கருதவுமில்லை. சாதியும் செல்வமும் இடையில் நின்றன. ஓய்வூதியமும் சர் பட்டமும் பெற்று, வீட்டில் திருவாசகத்தை மொழிபெயர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கக்கூடிய ஒருவர் அந்த வேலியைத் தாண்டினார்.

1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். கொழும்புச் சேரிகளின் குடியிருப்பு, ஏழைகளின் கல்வி, மருத்துவம் ஆகியவை அதன் முதல் அக்கறைகள். 1917 ஏப்ரலில் இலங்கையின் அரசியல் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை பொறுப்பாட்சிக் கோரிக்கைக்கு வித்திட்டது. 1919 ஜூனில் தொழிலாளர் நலக் கழகத்தை அமைத்தார். தலைவர் அவர்; செயலாளர் மலையகத் தமிழரான பெரி. சுந்தரம். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது, சிங்களரும் தமிழரும் சேர்ந்து அவரையே முதல் தலைவராக ஏற்றனர். மறு ஆண்டில் தொழிலாளர் சம்மேளனம் ஒன்றையும் அமைத்தார். அரசியல் உரிமைக்காக அவர் நடத்திய போராட்டமும் தொழிலாளர் உரிமைக்கான முயற்சியும் ஒரே ஆண்டில் உருப்பெற்றவை. ஆங்கிலேயரிடம் தமக்கு உரிமை கேட்பவர்கள், தம் நாட்டில் உழைக்க வந்தவர்களின் உரிமையை மறுத்தால் அந்தக் கோரிக்கைக்கு மதிப்பில்லை என்று அவர் கருதியதை அவர் செயல்களே காட்டுகின்றன.

தொழிலாளர் நலக் கழகத்தின் கோரிக்கைகளில் தலையாயது, ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்ற விதியை நீக்குவது. பெண்களும் சிறுவர்களும்கூட இந்தச் சட்டத்தின்கீழ்ச் சிறைக்குச் சென்றுகொண்டிருந்தனர். மனுக்களும் கடிதங்களும் ஆளுநருக்கும் இலண்டனுக்கும் போயின. அருணாசலத்தின் வழி சட்டத்தின் வழி. ஆர்ப்பாட்டம் அவருக்குப் பழக்கமில்லாதது. ஆனால் அவர் எழுதியதைக் குடியேற்ற நாட்டு அலுவலகம் புறந்தள்ள முடியவில்லை. அந்த அரசின் உயர்பதவிகளில் நெடுங்காலம் இருந்தவரின் எழுத்து அது.

வெற்றி அவர் ஒருவருக்கே உரியது என்று சொன்னால் வரலாறு பிழையாகும். பிஜி முதலிய தீவுகளுக்கான ஒப்பந்தக் கூலிமுறையை எதிர்த்துக் கோகலே இந்தியச் சட்டசபையில் போராடினார். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் தமிழ்த் தொழிலாளர்களும் சிறை சென்றனர். ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1917இல் நிறுத்தப்பட்டது. இந்திய அரசு தன் மக்களை வெளிநாட்டு வேலைக்கு விடுவது பற்றிப் புதிய சட்டம் இயற்றப் போகிறது என்ற செய்தி, ஆள்வரத்து நின்றுவிடுமோ என்று இலங்கைத் துரைமாரை அஞ்ச வைத்தது. உள்ளிருந்து அருணாசலமும் வெளியிலிருந்து இந்தியாவும் தந்த அழுத்தம் சேர்ந்தே பலன் தந்தது. 1921இல் துண்டுமுறை சட்டப்படி தடை செய்யப்பட்டது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய தண்டனைப் பிரிவுகளும் அதையொட்டி நீங்கின.

அதன்பின் நடந்தவை இன்றைய ஆட்சியாளர்கள் படிக்க வேண்டிய பாடம். 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்தது. 1923ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம் ஒன்றின்படி, ஆள் கொண்டுவரும் செலவைத் தோட்ட முதலாளிகள் செலுத்தும் பொது நிதி ஏற்றது. தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்க வழி ஏற்பட்டது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பின்னர் நிர்ணயிக்கப்பட்ட கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். சட்டம் கூலியை நிர்ணயித்தபோதும் பெண்ணின் உழைப்பை நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே மேலாகத்தான் மதித்தது.

அருணாசலம் இவற்றில் பலவற்றைக் காண இருக்கவில்லை. அவருடைய கடைசி ஆண்டுகள் கசப்பானவை. மேல் மாகாணத் தமிழருக்கு ஒரு தனி இடம் தருவதாக அளித்த வாக்கைக் காங்கிரஸ் தலைவர்கள் காப்பாற்றவில்லை என்று கருதி, தாம் பெற்றெடுத்த அமைப்பை விட்டு 1921இல் விலகினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தொடங்கினார். சிங்களரையும் தமிழரையும் ஒரே மேடையில் நிறுத்தியவர், தமிழருக்கெனத் தனி மேடை அமைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மதுரையில் மறைந்தார். அவரோடு செயலாளராக நின்ற பெரி. சுந்தரம், 1931இல் இலங்கையின் முதல் தொழில் அமைச்சரானார். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள்ளேயே தொழிற்சங்கத்தை வளர்த்தார். ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. கூலி வாங்கும் உரிமை பெற்றவர்கள் குடிமக்களாக இருக்கும் உரிமையை இழந்தனர்.

அருணாசலத்தின் குறையையும் சொல்ல வேண்டும். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமை தோட்டத்தின் பெயரால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதே சட்டத்துக்குள் அடங்கியிருந்த வீட்டு வேலையாட்களுக்கென்று ஓர் இயக்கம் அன்று எழவில்லை. 1871ஆம் ஆண்டின் வீட்டு வேலையாள் பதிவுச் சட்டம் அவர் காலத்துக்குப் பின்னும் மிக நீண்ட காலம் சட்டநூலில் நின்றது. தோட்டத்தைப் பார்க்க அன்றைய சீர்திருத்தக்காரர் மலையேற வேண்டியிருந்தது. வீட்டு வேலையாளோ அவர் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தாள். அருகில் இருந்ததனாலேயே அவள் கண்ணில் படவில்லை போலும். இது அவர் ஒருவரின் குறையன்று; படித்த வர்க்கம் முழுவதன் குறை. நம்முடைய குறையும்கூட.

இன்று அந்த மூன்று பூட்டுகளும் வேறு பெயரில், வேறு நாடுகளில் இருக்கின்றன. வளைகுடா நாடுகள் பலவற்றில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணின் விசா, கஃபாலா முறைப்படி அவளை வேலைக்கு வைத்திருப்பவரோடு பிணைக்கப்பட்டது. அவள் வீட்டை விட்டு வெளியேறினால், தலைமறைவானவள் என்று எசமானர் புகார் செய்யலாம். அந்த நொடியே அவள் சட்டவிரோதக் குடியேறி. இது சிறை. வேறு வீட்டுக்கு மாற எசமானரின் ஒப்புதல் வேண்டும்; கடவுச்சீட்டு பல வேளைகளில் அவர் பெட்டியில் இருக்கும். இது துண்டு. தரகருக்குக் கொடுத்த பணம் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும். இது கங்காணியின் முன்பணம். இவற்றோடு நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. தோட்டத்தில் நூறு பேர் ஒரே லயத்தில் இருந்தார்கள். இவள் ஒரு வீட்டின் பூட்டிய கதவுக்குப் பின்னால், மொழி தெரியாமல், தனியாக இருக்கிறாள்.

கிழக்கிலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குச் சென்றார். கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அவருக்கு 17. அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கையில் மூச்சடைத்தது என்று அவர் சொன்னார். கொலை என்று தீர்ப்பாயிற்று. தமிழ் மட்டுமே அறிந்த அந்தப் பெண்ணுக்கு முதல் விசாரணையில் தகுதியான மொழிபெயர்ப்பாளரோ வழக்கறிஞரோ கிடைக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அருணாசலம் மறைந்து சரியாக 89 ஆண்டுகள் கழித்து அதே நாள். 2015இல் நம் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவர் ரியாத் வீடொன்றிலிருந்து தப்ப முயன்று கையை இழந்தார். இவை செய்தித்தாளுக்கு வந்தவை. வராதவற்றைக் கரிசல் கிராமங்களின் தாய்மார்கள் அறிவார்கள்.

மாற்றம் நடக்கவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. குவைத் 2015இல் வீட்டு வேலையாட்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஐக்கிய அரபு அமீரகம் 2017இல் இயற்றியது. கத்தார் 2020இல், எசமானரின் தடையின்மைச் சான்றிதழ் இல்லாமலே வேலை மாறலாம் என்ற விதியை வீட்டு வேலையாட்களுக்கும் விரித்தது. துண்டை ஒழித்ததற்கு நிகரான செயல் அது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டு வேலையாட்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வார ஓய்வு, எழுத்திலான ஒப்பந்தம், தன் ஆவணங்களைத் தானே வைத்திருக்கும் உரிமை ஆகியவை அதில் உள்ளன. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை.

நம் நாட்டின் சட்டமோ 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறாத பெண்கள், அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டுமானால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும்; தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளின் வழியாகவே போக வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் தடை தேவையைக் குறைப்பதில்லை. தேவை குறுக்கு வழியைத் தேடுகிறது. சுற்றுலா விசாவில், பக்கத்து நாடு வழியாக, தரகரின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் பெண் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. அவளுக்குத் துன்பம் நேர்ந்தால் தூதரகத்துக்கு அவள் இருப்பதே தெரியாது. எண்ணப்படாதவளைக் காக்க முடியாது என்பதைப் பதிவாளர் நாயகமாக இருந்த அருணாசலம் நன்கு அறிந்திருப்பார்.

அருணாசலத்தின் காலம் காட்டிய வழி தெளிவானது. போவதைத் தடுப்பதைவிட, போன இடத்திலிருந்து விலகி வரும் உரிமையை உறுதி செய்வதே மேலானது. ஆகவே, சவூதி அரேபியாவோடு 2014இலும் குவைத்தோடு 2021இலும் செய்துகொண்டவை போன்ற உடன்பாடுகளில் மூன்று நிபந்தனைகள் அழுத்தமாக இடம்பெற வேண்டும். வேலையை விட்டு விலகுவது குற்றமாகக் கருதப்படலாகாது. வேறு எசமானரிடம் மாற முந்தையவரின் சீட்டுத் தேவைப்படலாகாது. பயணச் செலவும் தரகும் வேலைக்கு எடுப்பவருடையவை. தொழிலாளியின் தலையில் ஒரு ரூபாயும் விழலாகாது. 1923இல் தேயிலைத் தோட்டங்களின்மீது சுமத்த முடிந்த பொறுப்பை இன்றைய செல்வ நாடுகளின்மீது சுமத்த முடியாதா? கண்டியில் அன்று ஒரு முகவரை அமர்த்த முடிந்த நாட்டுக்கு, இன்று ஒவ்வொரு தூதரகத்திலும் தமிழ் பேசும் பெண் அலுவலர் ஒருவரை அமர்த்துவது இயலாத செயலா? 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021இல் ஒரு வரைவு பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டது. வரைவுகள் சட்டமாகும்போது இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

பிற நாட்டாரிடம் கேட்கும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வாரியத்தில் பதிந்தவர்கள் எத்தனை பேர், அறிவித்த கூலி எத்தனை வீடுகளில் கொடுக்கப்படுகிறது என்று எந்த ஆய்வாளரும் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. வீடு பணியிடம் ஆகாது என்ற பழைய எண்ணம் சட்டத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. வீட்டு வேலையாட்களுக்கெனத் தேசியச் சட்டம் இல்லாத குறையைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், அதுபற்றி ஆராய ஒரு குழுவை அமைக்குமாறு 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. ரியாத்திலும் குவைத்திலும் நம் பெண்களுக்கு வார விடுமுறை கேட்கும் நாம், கோவில்பட்டியிலும் சென்னையிலும் நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு அதைக் கொடுக்கிறோமா? அந்த நாடுகளின் அதிகாரிகள் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

அருணாசலம் தோட்டத்தில் பிறந்தவரல்லர். கூலி வாங்கி வாழ்ந்தவருமல்லர். அந்தச் சட்டத்தால் அவர் வர்க்கம் எதையும் இழக்கவில்லை. இருந்தும், தாம் பணியாற்றிய அரசின் சட்டநூலைப் பிரித்து, இந்தப் பக்கம் தவறு என்று அந்த அரசிடமே சொன்னார். இன்று அந்த இடத்தில் இருப்பவர்கள் சட்டம் படித்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், என்னைப் போன்ற ஆசிரியர்கள், நாடாளுமன்றத்துக்கு நாம் அனுப்பிய உறுப்பினர்கள். உச்ச நீதிமன்றம் கேட்ட தேசியச் சட்டத்தையும் புதிய குடியகல்வுச் சட்டத்தையும் நிறைவேற்றக் கோரி நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு மனு எழுதுவதிலிருந்து நாம் தொடங்கலாம். அருணாசலமும் மனுவிலிருந்துதான் தொடங்கினார்.